காரோடு அதன் கதையையும் கேட்டு வாங்குங்கள்

ஒவ்வொரு மாதத்தின் கடைசி நாளிலும் நெய்வேலி நகரியத்தில் மாலையும் சால்வையுமாகச் சிலர் வீடு திரும்புவார்கள். 60 வயது நிறைந்து என்.எல்.சி. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள். இனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வடலூரிலோ பண்ருட்டியிலோ கட்டி வைத்த வீட்டுக்குப் போவதா, சென்னையில் மகனோடு இருப்பதா என்ற பேச்சு நடக்கும்போதே கார் பேச்சும் வந்துவிடும். பத்து வருஷமாக வாசலில் நின்ற காரை விற்றுவிட்டுக் கிளம்பலாம் என்பார்கள் சிலர். காலமெல்லாம் ஷிப்டுக்கு டூவீலரிலேயே போய் வந்தவர்கள், செட்டில்மென்ட் பணத்தில் பழைய கார் ஒன்று எடுத்தால் கோயில் குளத்துக்காவது போய் வரலாமே என்று கணக்குப் போடுவார்கள். ஷோரூமில் புதுக் காரின் விலையைக் கேட்டுவிட்டு, செகண்ட் ஹேண்ட் போதும் என்று திரும்பும் இளம் ஊழியர்களும் உண்டு.

விற்கிறவரும் வாங்குகிறவரும் பெரும்பாலும் போய் நிற்பது ஒரே வகை வாசலில்தான். நம் பக்கத்தில் ‘கன்சல்டிங்’ என்று சொல்லும் பழைய கார் விற்பனையகம். கடலூர், புதுச்சேரி, விழுப்புரம், சென்னை என்று எங்கே போனாலும் காதில் விழும் வாக்கியங்கள் மாறுவதில்லை. “சிங்கிள் ஓனர் சார்.” “டாக்டர் ஓட்டின வண்டி.” “கம்பெனி சர்வீஸ்தான், ரெக்கார்டு இருக்கு.” “மீட்டர் தொடவே இல்லை.” இவற்றில் எது உண்மை, எது அலங்காரம் என்று வாங்க வந்த குடும்பத்துக்குத் தெரியாது. ஆயுள் உழைப்பின் ஒரு பகுதியை எண்ணிக் கொடுக்கிறவர், கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுக்கும் நிலை இது.

பழைய காரின் விலையில் பாதி, அதன் கடந்த காலத்துக்குக் கொடுக்கும் விலை. எத்தனை பேர் ஓட்டினார்கள், எங்கே இடித்தது, எந்த மழையில் நின்றது, யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த வண்டி. இந்தக் கதையை விற்றவர் மறைக்கலாம். நடுவில் நிற்கும் வியாபாரி மறைக்கலாம். வாங்குகிறவரும், தெரிந்தோ தெரியாமலோ, மறைப்பதற்குத் துணை போகலாம். கதை எங்கே அறுந்தாலும் கடைசிக் கையில் இருப்பவர்தான் அதற்கான பணத்தைக் கட்டுவார். ஆகவே வியாபாரியின் நேர்மையை மட்டும் பேசி நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

தெருவுக்குத் தெரிந்த வண்டி

1956-இல் நிறுவனம் பிறந்து, அடுத்த ஆண்டு முதல் சுரங்கத்தில் மண் வெட்டத் தொடங்கிய பின், வட்டம் வட்டமாகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர் நெய்வேலி. இங்கே ஒரு கார் எட்டு வருஷம் ஒரே வாசலில் நின்றால் அதன் வாழ்க்கை அந்தத் தெருவுக்கே தெரியும். கும்பகோணம் சாலையில் லாரி உரசியது, டிங்கரிங் கடையில் எத்தனை நாள் கிடந்தது, காலேஜ் படிக்கும் பையன் எப்படி ஓட்டினான், ஒன்றும் ரகசியமில்லை. இப்படிப்பட்ட ஊரில் வண்டிகள் ஒரே யூனிட், ஒரே ஷிப்ட் ஆட்களுக்குள்ளேயே கை மாறும்போது தனியாக உத்தரவாதப் பத்திரம் தேவைப்படுவதில்லை. விற்றவர் மறுநாளும் அதே கேன்டீனில் எதிரே உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும்.

ஓய்வு பெற்று ஊரை விட்டுப் போகும் அவசரத்தில் அதே காரை வெகுதூரத்தில் ஒரு கன்சல்டிங்கில் விடும்போது, கதை வட்டத்திலேயே தங்கிவிடுகிறது. வண்டி மட்டும் போகிறது. அந்தப் பக்கமிருந்து, கதை தெரியாத வேறொரு வண்டி நகரியத்துக்குள் நுழைகிறது.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்தே இந்தச் சிக்கலை ஆராய்ந்தார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை 1970-இல் நான்காவது இதழில் வெளிவந்தது. 2001-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அவர் சொன்னது இதுதான்: விற்கிறவருக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாதபோது, வாங்குகிறவர் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு நடுத்தர விலைதான் கேட்பார். நன்றாகப் பராமரித்தவருக்கு அந்த விலை கட்டாது. அவர் விற்காமல் விலகிக்கொள்வார். சந்தையில் மிஞ்சுவது மோசமான வண்டிகள். அதைப் பார்த்து விலை இன்னும் இறங்கும். கொஞ்சம் நல்ல வண்டியும் வெளியேறும். 1967-68-இல் டெல்லியில் ஓராண்டு இருந்தவர் அக்கர்லாஃப். நம் கடைத்தெரு அரிசியில் அதே நிறத்தில் கல்லைக் கலப்பதும், வீட்டில் பெண்கள் அதைப் பொறுக்கிக்கொண்டே இருப்பதும் அந்தக் கட்டுரையில் உதாரணமாக வருகின்றன. ஏமாந்தவர் இழக்கும் பணத்தோடு பொய்யின் செலவு முடிவதில்லை, நேர்மையான வியாபாரி தொழிலை விட்டே போவதும் அதில் சேர்த்தி என்று அவர் வாதிட்டார்.

இங்கேதான் வாங்குகிறவர்களான நாம் நம்மையே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு விற்பனையாளர் தானாக முன்வந்து, “சார், வலது பின்கதவு பெயின்ட் ஆனது, பைக் உரசினதுக்கு அடிச்சது” என்கிறார் என்று வையுங்கள். நாம் என்ன செய்கிறோம்? உடனே ஐம்பதாயிரத்தைக் குறைக்கச் சொல்கிறோம். அவர் இறங்காவிட்டால், அதைவிடப் பெரிய அடியை மறைத்து வைத்திருக்கும் அடுத்த கடையில், ‘ஒரு கீறல்கூட இல்லாத’ வண்டியைக் கேட்ட விலைக்கு எடுக்கிறோம். உண்மை சொன்னவருக்கு அபராதம் போட்டு, மறைத்தவருக்கு லாபம் கொடுக்கிறோம். அடுத்த முறை முதல் கடைக்காரரும் வாய் திறக்க மாட்டார். ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிக்க என்ன கூலி ஆகுமோ அதற்கேற்ற குறைப்பைக் கேட்பது நியாயம். சொன்னதையே ஆயுதமாக எடுத்து அடிப்பது நியாயமில்லை. நல்ல கன்சல்டிங் வேண்டும் என்று விரும்புகிற ஊர், உண்மைக்கு விலை கொடுக்கப் பழக வேண்டும்.

கிலோமீட்டரும் தண்ணீரும்

ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குக் கீழே ஓடியிருந்தால் நல்ல வண்டி, ஒரு லட்சம் தாண்டினால் தீர்ந்த வண்டி என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. மீட்டரைத் திருத்துகிற தொழில் பிழைப்பதே இந்த நம்பிக்கையால்தான். நெய்வேலி வண்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்ஸிலிருந்து சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் சில கிலோமீட்டர்தான். இன்ஜின் சரியாகச் சூடேறுவதற்குள் வேலைக்கு வந்துவிடலாம். பத்து வருஷத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பாதி நாள் மரத்தடியில் நின்ற வண்டியில் பேட்டரியும் ரப்பர் பாகங்களும் டயரும் வயதால் கெட்டிருக்கும். பி.எஸ். 6 டீசல் வண்டி என்றால் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டிக்கு நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. குட்டிக் குட்டி ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும். சர்வீஸ் பில்களோடு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஓடிய நெடுஞ்சாலை வண்டி இதைவிட உறுதியாக இருக்க வாய்ப்புண்டு. அந்த வண்டியின் மீட்டரைத் திருத்தாமல் விற்கும் வியாபாரியிடம் மரியாதையாகப் பேசுங்கள்.

மீட்டர் பொய் சொன்னாலும் மற்றவை சொல்லாது. சர்வீஸ் பில்லிலும், புகைச் சான்றிதழிலும், காலாவதியான இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது எடுத்த படங்களிலும் அந்தந்தத் தேதியின் கிலோமீட்டர் பதிவாகியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2219 என்றால் 2019-இன் 22ஆவது வாரம் தயாரானது. இருபத்தைந்தாயிரம்தான் ஓடியது என்கிற 2019 வண்டியில் நான்கும் 2024 டயராக இருந்தால், முதல் செட் எங்கே தேய்ந்தது என்று கேட்கலாம். ஜப்பானிலிருந்து பழைய கார் இறக்குமதி செய்து பழகிய இலங்கையில் ஏலத் தாள் என்ற ஒன்று உண்டு. ஏல நிறுவனத்தின் பரிசோதகர் கீறல், அடி, கிலோமீட்டர் எல்லாவற்றையும் குறித்துத் தரமதிப்பு போட்டிருப்பார். விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டிக்குத் தனிக் குறி. தாளையே போலியாகத் தயாரிப்பவர்களும் உண்டு என்றாலும், கதையை எழுத்தில் கேட்கும் பழக்கம் அங்கே வாங்குகிறவருக்கு வந்துவிட்டது.

அடுத்தது தண்ணீர். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 நவம்பர் 9-ஐ ஒட்டி நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த மாதம் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு புயலிலும் கார்கள் தண்ணீரில் நின்றன. பழுது பார்க்கும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை முழுச் சேதமாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பது சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம். அந்த வண்டியைக் கழுவி, சீட் உறை மாற்றி, வாசனைத் திரவியம் அடித்து, வேறு ஊரில் ‘பேமிலி யூஸ்’ என்று விற்பதுதான் மோசடி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும். முன் சீட்டின் தண்டவாளத்தில் துரு, தரை விரிப்புக்கு அடியில் ஈரம், ஸ்டெப்னிக் குழியில் மண் இவையும் பேசும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

விபத்துக் கதையை அறிய ஒரு எளிய வழி, பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேட்பது. க்ளெய்ம் எடுக்காத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாகத் தள்ளுபடி ஏறும். ஆறு வருஷ வண்டியின் பாலிசியில் அது திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், அதற்கு முந்தைய வருஷம் என்ன நடந்தது என்று கேளுங்கள். கண்ணாடி உடைந்ததாகவும் இருக்கலாம், சேஸிஸே வளைந்ததாகவும் இருக்கலாம். மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறவர்கள் அவருக்கான கூலியைத் தாங்களே கொடுத்துவிடுவது நல்லது. கன்சல்டிங்கிலிருந்து அவருக்குக் கமிஷன் வருகிற இடத்தில் அவருடைய கண்ணும் கட்டப்பட்டுவிடும்.

பி.ஒய். பலகையும் டெல்லிப் பலகையும்

புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால் நம் பகுதிக்கென்று ஒரு தனிச் சோதனை உண்டு. 2023 நவம்பரில் தமிழ்நாடு வாழ்நாள் வரியைத் திருத்தியபோது, பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று ஆனது. புதுச்சேரியில் வரி மிகக் குறைவு. அங்கே குடியிருப்பதாகப் பொய் முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்ததாக, 2017-இல் மலையாளத் திரையுலகப் பிரபலங்கள் சிலர்மீது கேரளத்தில் வழக்குகள் வந்தது பலருக்கு நினைவிருக்கும். கன்சல்டிங் வாசலில் நிற்கும் பி.ஒய். வண்டி பார்க்க மலிவாகத்தான் இருக்கும். ஆனால் வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. புதுச்சேரி ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. வாங்கி, வண்டியின் வயதுக்கேற்ற வரியைத் தமிழ்நாட்டில் கட்ட வேண்டும். அதையும் சேர்த்தால்தான் அந்தக் காரின் உண்மையான விலை தெரியும்.

டெல்லி வண்டிகளும் இப்படித்தான். தலைநகர்ப் பகுதியில் பத்து வருஷம் தாண்டிய டீசலும் பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோலும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே விலை சரிந்த வண்டிகள் தெற்கே வந்தன. நல்ல வண்டிகளும் அவற்றில் உண்டு. ‘டெல்லி வண்டி’ என்று சொல்லி விற்கிறவரிடம் பேசலாம். சொல்லாமல் விற்கிறவரிடம் வேறு என்ன சொல்லாமல் விட்டார் என்ற கேள்வி எழும்.

‘டி போர்டு’ வண்டியை ‘ஓன் போர்டு’ ஆக்கியதும் அதே ரகம். நிறுவனங்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வாடகைக்கு ஓடிய வண்டி, மஞ்சள் பலகை மாறி வெள்ளைப் பலகையோடு நிற்பதில் சட்டப் பிழை ஏதுமில்லை. ஆர்.சி. வரலாற்றைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்காமலே சொல்வது வியாபார தர்மம்.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம்

வண்டியில் இருக்கும் பொய்யைவிடக் காகிதத்தில் இருக்கும் பொய் ஆபத்தானது. அதில் மூன்று தரப்பும் கூட்டு.

வண்டியை விற்க வருகிறவரிடம் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுவது பல வருஷப் பழக்கம். வியாபாரி தன் பெயருக்கு மாற்றினால் செலவு, ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடும், விலை குறையும். ஆகவே வெற்றுப் படிவம் வண்டியோடு சேர்ந்து கை மாறும். “பேர் மாத்தறதை அப்புறம் பாத்துக்கலாம்ணே, அதுக்குள்ள வேற வண்டிக்கு மாறினாலும் மாறிடுவீங்க” என்று யாராவது சொன்னால், வாங்குகிறவருக்கும் செலவு மிச்சம் என்று தோன்றும். எல்லோருக்கும் சில ஆயிரம் மிச்சம். முதல் ஓனருடைய தலைக்கு மேல் மட்டும் கத்தி தொங்கிக்கொண்டிருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைப் பாருங்கள். 2007-இல் ஒருவர் தன் காரை விற்றார். அது கைக்குக் கை போய்க்கொண்டே இருந்தது. பதிவு மட்டும் மாறவில்லை. 2009-இல் அந்தக் கார் விபத்தில் ஓர் உயிரைப் பறித்தது. இழப்பீடு யார் கொடுப்பது? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. விபத்தில் குடும்பத்தை இழந்தவர்கள் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பது அதன் நியாயம். எனக்கு அது சரியான நியாயமாகவே படுகிறது.

2022 அக்டோபர் 23 அதிகாலை, கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு வெடித்த பழைய மாருதி 800 பல கை மாறிய வண்டி. அந்தக் கைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத்தான் போலீஸார் முன்னேற வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கை மாறியது. பதிவில் பெயர் இருந்தவரைத் தேடித்தான் விசாரணை முதலில் போனது. என்றோ விற்றுவிட்ட வண்டிக்காக ஒருவர் வாசலில் போலீஸ் ஜீப் நிற்பது, வெற்றுப் படிவத்தில் போட்ட கையெழுத்தின் விளைவு.

இந்த ஓட்டையை அடைக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். ஓனர் வண்டியை வியாபாரியிடம் விடும்போது 29சி என்ற படிவத்தில் ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அந்த நாளிலிருந்து வியாபாரிதான் உரிமையாளராகக் கருதப்படுவார். அவரிடம் இருக்கும் காலத்தில் அந்த வண்டியை சோதனை ஓட்டம், பழுது, பரிசோதனை போன்ற தேவைக்குத்தான் சாலையில் எடுக்கலாம். எடுத்ததற்கும் மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும். நல்ல விதி. நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்கு இது பாதுகாப்பும்கூட. ஆகவே கன்சல்டிங்குக்குள் நுழைந்ததும் ஏசி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் வைத்திருப்பவர்களும் கூடுவார்கள்.

பெயர் மாற்றத்துக்குச் சட்டம் நாளும் குறித்திருக்கிறது. விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில், வேறு மாநிலம் என்றால் 45 நாளில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில். இன்சூரன்ஸையும் 14 நாளில் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு தானாக வரும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது என்பது நீதிமன்றங்கள் 1990-களிலேயே தீர்த்துவைத்த விஷயம். பழைய ஓனரின் பெயரிலேயே பாலிசியை விட்டுவிட்டு ஓட்டியவர், வண்டி அடிபட்டால் சொந்தப் பணத்தில்தான் சரிசெய்ய நேரும். ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால், பாக்கியை நேரே பைனான்ஸுக்குக் கட்டி, என்.ஓ.சி.யும் 35ஆம் எண் படிவமும் கைக்கு வந்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள். நிலுவையில் உள்ள இ-சலான்களையும் வாகன எண்ணை வைத்தே பார்த்துவிடலாம்.

குதிரை விற்றவனின் மௌனம்

கேட்காததைச் சொல்ல வேண்டிய கடமை விற்கிறவருக்கு உண்டா? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆவது பிரிவில் இதற்குக் குதிரையை உதாரணமாகக் காட்டுகிறது. குறையுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவன் வாய் திறக்காமல் ஏலத்தில் விற்கிறான். அந்த மௌனம் மட்டும் மோசடி ஆகாது. அதே குதிரையை வாங்க வந்தவன், ‘நீ மறுக்காவிட்டால் குறையில்லை என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று சொல்லியும் விற்கிறவன் மௌனமாக இருந்தால், அது வாயால் சொன்னதற்குச் சமம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இந்த உதாரணத்தை நாம் நம் கார் பேரத்தில் அப்படியே பயன்படுத்தலாம்.

முன்பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும். ‘இந்த எண் வண்டி பெரிய விபத்தில் சிக்கவில்லை, வெள்ளத்தில் நிற்கவில்லை, மீட்டர் திருத்தவில்லை, கடன் பாக்கி இல்லை, டாக்ஸியாக ஓடவில்லை என்று எடுத்துக்கொண்டு வாங்குகிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்.’ நேர்மையான வியாபாரி கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. “விபத்து இல்லை, முன் பம்பர் மட்டும் மாத்தியிருக்கோம்” என்று பதில் வந்தால் அவரிடமே வாங்கலாம். “அதெல்லாம் எழுத்துல வேண்டாம் சார், நம்பிக்கைதான் முக்கியம்” என்று போனில் கூப்பிட்டுச் சொன்னால் யோசிக்க வேண்டும். ஒன்றையும் மறக்கக் கூடாது: சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறையை, மௌனத்தைக் காரணம் காட்டிப் பின்னால் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க முடியாது என்று அதே சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. கேட்கவும் வேண்டும், பார்க்கவும் வேண்டும்.

எழுத்தில் வந்த பதில் பொய்யாகிப்போனால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடலூர் மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. இவையெல்லாம் வியாபாரியிடம் வாங்கியவருக்கு. தெரிந்தவரிடம் நேரடியாக வாங்கியவருக்குச் சிவில் நீதிமன்றம்தான் வழி.

நம் பக்கத்து நேர்மை

வியாபாரியிடம் பில் கேட்கும்போது, “ஜிஎஸ்டி போட்டா விலை ஏறும் சார், பாதியைக் கேஷா கொடுத்துடுங்க” என்ற பேச்சு வரலாம். 2025 ஜனவரி முதல் பழைய கார்களுக்கு 18 சதவீத வரி. ஆனால் அது முழு விலைக்கு இல்லை, வியாபாரியின் லாபத்துக்கு மட்டும்தான். நான்கு லட்சத்துக்கு எடுத்த வண்டியை 4,60,000-க்கு விற்றால், இடையில் உள்ள 60,000-க்கு 10,800 ரூபாய். முழு விலைக்கும் 18 சதவீதம் என்று பயம் காட்டினால் அது தவறான கணக்கு. ஒரே வியாபாரத்தில் இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி தண்டனைக்குரியது; அபராதம் பணத்தைப் பெற்றவருக்கு. கணக்கில் வராமல் கொடுத்த பணத்தை நாளைக்கு ஆணையத்தில் எப்படி நிரூபிப்பீர்கள்? பில்லில் உள்ள தொகைதான் உங்கள் உரிமையின் அளவு.

லோனுக்காகச் சம்பளத்தைக் கூட்டிக் காட்டச் சொல்வது, ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிட்டு மூன்றைக் கைவிடுவது, ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம் என்று எடுத்து மாமியார் வீடு வரை போய் வருவது, இவையும் நேர்மைக் குறைவுதான். நல்ல கன்சல்டிங்காரர்களைச் சலிக்க வைப்பவை இவை.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை, நம் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும்போது. கியர்பாக்ஸில் ஒரு சத்தம் வருகிறது என்று தெரியும். ஆயில் மாற்றிச் சத்தத்தை ஒரு வாரம் அமுக்கிவிட்டு மதிப்பீட்டாளரிடம் காட்டுவோம். வாங்கும்போது கேட்ட உண்மையை விற்கும்போது கொடுக்க மறுத்தால், அந்தப் பொய் நின்றுவிடாது. வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ முதல் கார் வாங்கும் ஒரு குடும்பத்தின் வாசலுக்குப் போகும். சர்வீஸ் பில்கள், பாலிசிகள், இரண்டு சாவிகள், அடிபட்ட இடங்களின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொடுங்கள். அந்தப் பட்டியலின் நகலில் கன்சல்டிங்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நாளை அவர் அதை மறைத்து விற்றால், நீங்கள் சொன்னதற்கு அத்தாட்சி இருக்கும்.

வண்டி கை மாறும் நாளில் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுத வேண்டும். அன்று மாலை ஒரு கேமரா போடும் அபராதம் யாருடையது என்பதை அந்த மணிதான் தீர்மானிக்கும். 29சி விண்ணப்பத்தின் ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். ஒன்றரை மாதம் கழித்து எம்பரிவாகன் செயலியில் அந்த வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயரே காட்டினால் கன்சல்டிங்கைக் கூப்பிட்டுக் கேளுங்கள். “நாளைக்கு முடிச்சிடறோம் சார்” என்ற பதில் இரண்டாம் முறையும் வந்தால், ஒப்புகையையும் டெலிவரி நோட்டையும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுத்து, முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.